நாற்பத்தோரு சீட்டுகள்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. காவல் நிலையத்தில் இப்படியொரு பேனாவை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கேட்டும் கிடைக்காதது. "உங்க சொந்த வார்த்தையில எழுதுங்கம்மா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சொந்த வார்த்தை என்று யாரிடமும் எதுவும் கிடையாது. எல்லாம் யாரோ பயன்படுத்திப் பழசாக்கியவை. அதை நிரூபிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருந்தாலும் நீங்கள் சொல்ல வந்தது புரிகிறது.

ஆங்கிலப் பேரகராதி அலுவலகத்தில், வழக்கொழிந்த சொற்கள் பிரிவில் வேலை பார்க்கிறேன். பார்த்தேன் என்று எழுத வேண்டுமோ என்னவோ. பணிநீக்க ஆணை இன்னும் வரவில்லை. எங்கள் நிர்வாகம் எதிலும் நிதானம். பிரிவு என்றால் ஓர் அறை, ஒரு சன்னல், ஒரு நான். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, கொஞ்ச காலம் படித்தவர்களின் வாயில் பளபளத்துவிட்டு, பிறகு யாருக்கும் வேண்டாமல் போன சொற்கள் என் பொறுப்பு. மாடு கத்துவதைச் சொல்ல 'மியூஜியண்ட்' என்று ஒரு சொல் இருந்தது. நாய் குரைப்பதற்கு 'லேட்ரேட்'. காலை உணவு சம்பந்தப்பட்ட எதற்கும் 'ஜென்டாக்குலர்'. மேகங்களுக்கிடையே உலவுவதற்கு 'நூபிவேகண்ட்'. விமானம் வருவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல் தயாராகக் காத்திருந்தது. விமானம் வந்தபோது யாரும் அதைக் கூப்பிடவில்லை.

ஒரு சொல் செத்துவிட்டது என்று முடிவானால் அதற்கு முன்னால் சின்னக் கத்தி போன்ற ஒரு குறியை அச்சிடுவோம். அலுவலகத்தில் இதைக் 'கத்தி போடுவது' என்பார்கள். நடைபாதையில் என்னைப் பார்த்தால், "இன்னைக்கு எத்தனை பேருக்குக் கத்தி போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக அதே நகைச்சுவை. அதற்கு எந்தக் கத்தியும் போட முடியவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், இருபது தொகுதிகளை ஒரே தொகுதியாகச் சுருக்குவது என்று முடிவெடுத்தார்கள். கடைசி நூறு ஆண்டுகளில் ஒருவராவது பயன்படுத்தியதற்குச் சான்று இல்லாத சொற்கள் இனி கத்தியோடுகூட இருக்கமாட்டா, மொத்தமாக நீக்கப்படும். என் பிரிவையும் மூடிவிடுவார்கள். நான் தலைமைத் தொகுப்பாளரின் அறைக்குப் போனேன். அவர் நல்லவர். யார் என்ன சொன்னாலும் காகிதத்தில் எதையோ குறித்துக்கொள்வார். எட்டிப் பார்த்தால் பூ வரைந்திருப்பார்.

"ஒரு சொல் போனாக்கூட மொழிக்கு ஒரு விரல் போன மாதிரி சார்" என்றேன்.

"ஒரு சொல் போனா மொழி ஒண்ணும் குறைஞ்சிடாதும்மா" என்றார் அவர். "இருக்கற சொல்லையே யாரும் பேசறதில்ல. என் பையன் மூணே சொல்லுல வாழ்க்கைய ஓட்டறான். வேணும், வேணாம், அப்புறம். நீங்க போய் ஒரு டீ சாப்பிடுங்க."

அன்று இதயமில்லாத மனிதர் என்று அவரை நினைத்துக்கொண்டேன். அதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒரு சொல் பிழைப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. கடைசி நூறு ஆண்டுகளில் அச்சான, அகராதி அல்லாத ஒரு நூலில் யாராவது அதை நிஜமாகவே பயன்படுத்தியிருக்க வேண்டும். அந்த வாக்கியத்தைச் சீட்டில் எழுதி, நூலின் பெயர், பக்கம், ஆசிரியரின் பெயர், அவர் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தால் கத்தி எடுக்கப்படும். இறந்த ஆண்டு கட்டாயம். உயிரோடு இருப்பவர்களை நாங்கள் மேற்கோள் காட்டுவதில்லை. உயிரோடு இருக்கும் ஆசிரியர் அடுத்த பதிப்பில் தன் வாக்கியத்தை மாற்றிவிடுவார். தன் நண்பரை ஏன் சேர்க்கவில்லை என்று கடிதம் எழுதுவார். சில பேர் நேரிலேயே வந்துவிடுவார்கள். இறந்தவர்களிடம் இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய வாக்கியம் முடிந்த வாக்கியம். நியாயமான விதி என்றே இன்றும் நினைக்கிறேன்.

இப்போது அக்காவைப் பற்றி.

அக்கா கால்நடை மருத்துவர். வயது எழுபத்தொன்று. நாங்கள் இருக்கும் வீட்டின் கீழ்த்தளம் ஒரு காலத்தில் அவளுடைய மருத்துவமனை. அவள் கணவர் வெகுகாலத்துக்கு முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் எங்கும் போகவில்லை. காலையில் அவள் ரொட்டி வாட்டுவாள், நான் முட்டை அவிப்பேன். அவள் பேசுவாள், நான் கேட்பேன். அவளைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். கடைக்காரர், தபால்காரர், நாய் வளர்ப்பவர்கள், நாய் இறந்துபோனவர்கள். தெருவில் அவளோடு நடந்தால் பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டும். "இது யாரு, தங்கச்சியா?" என்று கேட்பார்கள். முப்பது ஆண்டுகள் அதே தெருவில் இருந்தேன், அப்போதும் கேட்டார்கள்.

அலுவலகத்தில் கழித்துப்போட்ட சீட்டுகளை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அக்கா அவற்றின் பின்பக்கத்தில் கடைச் சாமான் பட்டியல் எழுதுவாள். ஒரு நாள் காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

"பதினோரு சொல்லு. நேத்து ஒரே நாள்ல."

"சொல்லுதானே? நான்கூட மனுஷங்கன்னு பயந்துட்டேன்." சாமான் பட்டியலைத் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன, ஜென்டாக்குலர்? அட, நல்லாத்தான் இருக்கு. ஏய், ஜென்டாக்குலர் முட்டை வெந்துடுச்சா?"

நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் எழுந்து வந்து என் தலையை ஒருமுறை தட்டினாள். அடிபட்ட கன்றுக்குட்டியைத் தட்டுகிற தட்டு.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அவள் பிற்பகல்களில் மாடியில் உட்கார்ந்து ஏதோ தட்டச்சு செய்தாள். முந்நூறு பக்கத்தில் அவளுடைய நினைவுக் குறிப்புகள், ஆங்கிலத்தில். சின்னப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. நான் திறந்து பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பசு 'மியூஜியண்ட்' ஆக இருந்தது. நாற்பதாம் பக்கத்தில், அழுகிய பழம் தின்று போதையேறிய ஓர் ஆடு 'டெம்யூலண்ட்' ஆக நடந்து சுவரில் முட்டியது. கன்றை இழந்த பசுவின் துக்கத்துக்கு 'ஆர்பிட்டி'. எல்லாம் என் சீட்டுகள். எல்லாம் சரியான பொருளில், சரியான இடத்தில், இயல்பாக. ஒரு பிழை தேடினேன். இல்லை.

"நீ அழுதியேடி, அதான் எல்லாத்தையும் வேலைக்கு எடுத்துக்கிட்டேன்" என்றாள். "சும்மா உக்காந்து செத்துக்கிட்டு இருந்துச்சுங்க, பாவம்."

வெளியீட்டு விழாவில் பதினோராம் அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தியைப் படித்தாள். அரங்கம் முழுக்கச் சிரித்தது. எங்கள் தலைமைத் தொகுப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். நிறைய பேர் திரும்பி என்னைப் பார்த்ததால் சிரிப்பதுதான் மரியாதை என்று தோன்றியது.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து எண்ணினேன். நாற்பத்தோரு சொற்கள். நூறு ஆண்டுகளாக, சிலது முந்நூறு ஆண்டுகளாக, எவரும் தொடாத நாற்பத்தோரு சொற்களை ஒருத்தி ஒரே புத்தகத்தில் உயிரோடு நடமாட விட்டிருக்கிறாள். அகராதி வரலாற்றில் இப்படி ஒரு புதையல் எனக்குத் தெரிந்து யாருக்கும் கிடைத்ததில்லை. இடைஞ்சல் ஒன்றே ஒன்று. ஆசிரியர் உயிரோடு இருந்தார்.

வெறும் உயிரோடு என்று சொன்னால் போதாது. ஜனவரியில் அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "டாக்டரம்மா, உங்களுக்குக் குதிரை மாதிரி இதயம்" என்றார். "எந்தக் குதிரை? நான் பார்த்த குதிரைங்கள்ல பாதி இதயம் நின்னுதான் போச்சு" என்றாள் அக்கா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடுப்பு மட்டும் கொஞ்சம் மோசம், குனியக்கூடாது. மற்றபடி இன்னும் இருபது ஆண்டு கவலையில்லை என்றார். அச்சு முடிவது மார்ச் இருபத்தைந்தாம் தேதி. நான் அவரை ஏதாவது கேட்டேனா என்று நீங்கள் கேட்டீர்கள். "நிஜமாவா?" என்று மட்டும் கேட்டேன். அக்கறை என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சீட்டு கொடுத்தால் அது மூன்று வாரம் சரிபார்ப்பில் இருக்கும். முதலில் முத்திரைக்காரர் வாங்கித் தேதி முத்திரை குத்துவார். அவருக்குச் சொற்களில் ஈடுபாடு கிடையாது. எந்தக் கட்டமாவது காலியாக இருந்தால் சீட்டைத் திருப்பிவிடுவார். நானும் எத்தனையோ பேரிடம் திருப்பியிருக்கிறேன். காலிக் கட்டம் என்பது சோம்பேறித்தனம். ஆகவே பிப்ரவரி பத்தாம் தேதி நாற்பத்தோரு சீட்டுகளையும் முழுமையாக நிரப்பிக் கொடுத்தேன். இறந்த ஆண்டு என்ற கட்டத்தில் இந்த ஆண்டை எழுதினேன்.

இந்த இடத்தில் நீங்கள் முகம் சுளித்தீர்கள். புரிந்துகொள்ள வேண்டும். எழுதும்போது எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. முத்திரைக்காரர் திருப்பாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: இருபத்தாறு ஆண்டுகளில் என் சீட்டில் ஒரு தவறான தகவல் வந்ததில்லை. ஒன்றுகூட. இப்போது நாற்பத்தொன்றிலும் ஒரே தவறு. அன்றிரவு தூக்கமே வரவில்லை. பொய்ச் சீட்டு கொடுத்தவள் என்ற பெயரோடு ஓய்வு பெறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சீட்டைத் திரும்பக் கேட்டிருக்கலாமே என்றீர்கள். கேட்கலாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் காரணம் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டு மாடியறையில் மூன்று சுவரும் புத்தகம், தரையிலிருந்து கூரைவரை. மேல்தட்டுக்கு ஏற ஒரு சக்கர ஏணி உண்டு. மருந்து அலமாரிக்காக அக்கா வாங்கியது. அடியில் இடது சக்கரத்தில் ஒரு பூட்டு. எனக்கு உயரம் என்றால் பயம், இரண்டாம் படிக்கு மேல் ஏறியதில்லை. அக்காவால் குனிய முடியாது. "குனியறது உன் வேலை, ஏறறது என் வேலை" என்று ரொம்ப நாளுக்கு முன்பே பிரித்துவிட்டாள். பொதுவாகவே எங்கள் வீட்டில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது.

மார்ச் இரண்டாம் தேதி, காலை பத்து மணி. நல்ல வெயில். மேல்தட்டில் இருந்த பழைய லத்தீன் சொற்றொகுதி ஒன்று வேண்டும் என்றேன்.

"ஞாயித்துக்கிழமைகூட உன் பொணங்களுக்கு லீவு கிடையாதா?" என்றபடி வந்தாள். ஏணியில் கையை வைத்து, எப்போதும் கேட்பதைக் கேட்டாள். "பூட்டிட்டியாடி?"

நான் குனிந்து நிமிர்ந்தேன்.

"பூட்டியாச்சு" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். இரண்டு நாளாக என்னிடம் விதவிதமாகக் கேட்கிறீர்கள். தள்ளினீர்களா, இழுத்தீர்களா, எதையாவது தளர்த்தினீர்களா. எதுவும் இல்லை. ஒரு சொல் சொன்னேன். சொல்லுக்கு இவ்வளவு எடை உண்டு என்று நான் இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன், யாரும் நம்பியதில்லை.

அவள் உடனே இறந்துவிடவில்லை. ஏணி உருண்டு விழுந்ததில் மேசையின் முனை கழுத்தில் பட்டிருந்தது. கால் அசையவில்லை என்றாள், ஒரு மருத்துவரின் குரலில், வேறு யாருடைய காலையோ சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்தாள்.

"பூட்டினியா?"

"பூட்டியிருந்தேன்கா."

"அப்ப சக்கரந்தான் தேஞ்சுபோச்சு. நான்தான் மாத்தியிருக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ அழாதடி. உன் மேல தப்பில்ல. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

ஏணிச் சக்கரத்தைப் பூட்டினேன். பிறகு தொலைபேசிக் கையேட்டை எடுத்தேன். அகராதிக்காரி எதையும் முறைப்படிதான் தேடுவாள். ஆம்புலன்ஸ் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. நான் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவர ஏறக்குறைய ஐம்பது நிமிடம் ஆனது. இடையில் அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். "தேடிட்டிருக்கேன்கா" என்று இரண்டு தடவையும் பதில் சொன்னேன். கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

துக்கம் கேட்க ஏராளமான பேர் வந்தார்கள். நாய்களும் வந்தன. எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பற்றிப் பேசினார்கள். "அவங்க இருந்தா இந்நேரம் எல்லாரையும் சிரிக்க வச்சிருப்பாங்க" என்று ஒரு பெண் அழுதாள். இருந்தால் இந்தக் கூட்டமே நடந்திருக்காது என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. பெற்றோரையோ பிள்ளையையோ இழந்த நிலைக்கு ஆர்பிட்டி இருக்கிறது. அக்காவை இழந்த தங்கைக்கு, நான் தேடிய வரையில், ஒன்றும் அகப்படவில்லை. அன்று அது எனக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது. நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

நான்காம் நாள் தலைமைத் தொகுப்பாளரும் முத்திரைக்காரரும் வந்தார்கள். முத்திரைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மன்னிக்கணும்மா, ரொம்ப லேட்டா வரேன்" என்றார். "போன மாசமே வந்திருக்கணும். சீட்டுல பார்த்தவுடனேயே மனசு கேக்கல. அப்புறம் லீவுல போயிட்டேன்."

"போன மாசமா?" என்றார் தலைமை.

"ஆமா சார். பிப்ரவரி பத்து. நான்தானே முத்திரை குத்தினேன். அதுக்கப்புறம் ஒரு கூத்து. பதினஞ்சாம் தேதி மருந்துக்கடையில நிக்கறேன், பக்கத்துல அக்காவே வந்து நிக்கறாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 'என்னப்பா, பேயப் பாத்த மாதிரி பாக்கற?'ன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

தலைமைத் தொகுப்பாளர் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். அன்று பூ வரையவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். முழுதாக ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்கள்; ஒப்புக்கொள்கிறேன். என் அக்காவை நான் கொன்றேன். அவள் இன்னும் இருபது ஆண்டு இருந்திருப்பாள். காரணம் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்: நாற்பத்தோரு சொற்கள், அவற்றுக்குப் பேச வேறு ஆளில்லை. கோபமோ பொறாமையோ எனக்கு அவள்மேல் ஒருநாளும் இருந்ததில்லை. இவ்வளவோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் நீங்கள் இன்னும் இரண்டு காகிதங்களை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள்.

முதலாவது, ஜனவரி பதினெட்டாம் தேதியிட்ட அலுவலகச் சுற்றறிக்கை. இனி உயிரோடு இருக்கும் ஆசிரியர்களையும் மேற்கோள் காட்டலாம், இறந்த ஆண்டுக் கட்டம் காலியாக இருந்தாலும் சீட்டு திருப்பப்படாது என்று குழு முடிவெடுத்திருக்கிறது. கீழே என் சுருக்கொப்பம் இருக்கிறது. ஆமாம், என்னுடையதுதான். ஆனால் அது வாங்கிக்கொண்டதற்குப் போடுகிற ஒப்பம், படித்ததற்கு இல்லை. எங்கள் சுற்றறிக்கைகளின் நடை படிக்கிற மாதிரி இருக்காது. இரண்டாம் வரியில் ஒரு எழுத்துப் பிழையை யாரோ சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார்களே, அது யார் கை என்று கேட்கிறீர்கள். பிரிவில் நான் ஒருத்திதான். பழக்கதோஷம். திருத்தியிருப்பேன்.

இரண்டாவது, தலைமைத் தொகுப்பாளர் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்த பட்டியல். அக்காவின் புத்தகத்தில் வழக்கொழிந்த சொற்கள் நாற்பத்திரண்டு என்கிறார். "ஒண்ணு விட்டுப்போச்சேம்மா, எது?" என்று கேட்டீர்கள்.

அது பதினோராம் அத்தியாயத்தில் வருகிறது. 'லேட்டிபுலேட்'. மூலையில் போய் ஒளிந்துகொள்வது என்று பொருள். அக்கா எழுதியது இது, தமிழில் தருகிறேன்: "நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ பிராணிகளைப் பேசிப் பேசி மூலையிலிருந்து வெளியே கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றிடம் மட்டும் தோற்றுப்போனேன். அது என் வீட்டிலேயே இருக்கிறது, முட்டை அவிக்கிறது, என்னை அக்கா என்று கூப்பிடுகிறது, மற்ற நேரமெல்லாம் லேட்டிபுலேட் செய்கிறது." இந்த இடத்தில்தான் அரங்கம் சிரித்தது.

சொல்லைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருந்தாள். அதற்கு நான் சீட்டு எழுதவில்லை. நேரமில்லை என்று போட்டுக்கொள்ளுங்கள். நாற்பத்தொன்றும் அச்சேறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. அந்த ஒன்று போகட்டும். ஒரு சொல் போனால் மொழி ஒன்றும் குறைந்துவிடாது.